இரண்டாவது ஆள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். சாயம் ஏறிய பட்டுப் பாவை, அதாவது சேலையின் நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிச் சிக்கெடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். நான் பார்க்கப் போனது கோர்வைத் தறியை; கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் நெய்து ஒன்றோடொன்று கோர்க்கும் தறி அது.

ஓட்டு வீடு. கூடம் முழுக்கக் குழித்தறி. நெசவாளி குழிக்குள் கால்விட்டு மிதிக்கிறார். வலது ஓரத்தில் அவர் மனைவி. மூன்று நாடா ஓடுகிறது: இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. அன்று தறியில் இருந்தது அரக்கு உடல், பச்சைக் கரை. அரக்கு ஊடை (குறுக்கு இழை) வலது கரையின் எல்லையைத் தொட்டதும் பச்சை இழையோடு பின்னிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் இழையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கரை நாடாவைத் திருப்புகிறார். கொஞ்சம் தளர்ந்தாலும் கரை சுருங்கிவிடும். நெய்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். இரு நிறமும் சேரும் கோடு விரலுக்கு மேடாகத் தட்டுப்பட்டது.

“இவ எழுந்து அடுப்படிக்குப் போனா தறி நின்னுடும் சார்” என்றார் நெசவாளி.

இரண்டு பேர் உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து நாளில் ஒரு சேலை இறங்கும். பக்கத்து அறையில் இன்னொரு தறி இருக்கிறது. கரைக்கு ஆள் இல்லாததால் அதில் ஒற்றை நாடாச் சேலைதான் நெய்கிறார்கள். ஊர் முழுக்க இதே கதை. விலையைக் குறை என்று கடை நெருக்கும்போது முதலில் போவது இந்த இரண்டாவது ஆளின் கூலி. ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்களை உட்கார வைத்தார்கள். அது ஒழிந்தது மிக நல்லது. ஆனால் பெரியவருக்குத் தர வேண்டிய கூலியைச் சேலையின் விலையில் ஏற்றிக் கொடுக்க நாம் முன்வரவில்லை. கோர்வை குறைந்துபோனதில் நமக்குப் பங்கு இருக்கிறது.

பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறது. காஞ்சிபுரம் சேர்ப்பது கைவேலை. முறுக்கேற்றுபவர், சாயம் போடுபவர், ஜக்கார்டு அட்டை குத்துபவர், பழைய பாவோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைப்பவர் என்று ஒரு சேலைக்குப் பின்னால் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் அத்தனை வீட்டுக்கும் வேலை நிற்கும்.

விசைத்தறிச் சேலையை விசைத்தறி என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தொழிலாளியும் பிழைக்க வேண்டும். அதைக் காஞ்சிபுரம் கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் திருட்டு. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டு ஆகிறது. சேலை உட்படச் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. சட்டம் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும்.

பலரும் ஏமாறுவது முத்திரையில். சில்க் மார்க் இருந்தால் பட்டு அசல் என்று மட்டுமே பொருள். தறி எது என்று அது சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது. ஜரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும். கோர்வைச் சேலையைப் புரட்டி, கரை சேரும் இடத்தையும் முந்தி தொடங்கும் இடத்தையும் பாருங்கள். முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் உடல் பாவின் ஒவ்வொரு இழையோடும் முந்தி இழையைக் கோர்த்து, கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்து நெய்து, பழையதை வெட்டிவிடுவார்கள். இதற்குப் பெட்னி என்று பெயர். அந்த இடம் குறுக்கே தடித்த பட்டையாக நிற்கும். ஆயிரக்கணக்கான இழைகளையும் கையால்தான் கோர்க்கிறார்கள்.

கல்யாணத்துக்குப் பட்டெடுக்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: கைத்தறியா, கோர்வையா, எந்த ஊரில் நெய்தது? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்துவிடுங்கள். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகள் இருக்கின்றன. அங்கே போய்க் கோர்வைச் சேலை வேண்டுமென்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் இன்னொரு தறிக்கும் கரைக்கு ஆள் போட்டுவிடலாம் என்று அந்த அம்மாவே சொன்னார். தன் தங்கைக்கு இந்த வேலை தெரியுமாம்.