வலி போனால் போதுமா?



கபடி ஆடும் என் அக்கா பேரனுக்கு ஜனவரியில் முழங்கால் ஜவ்வு அறுந்து அறுவை சிகிச்சை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தொடையின் பின்பக்கத் தசைநாணில் கொஞ்சம் எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பொருத்தினார்கள்.

நான்காம் மாதமே பையன் துள்ளி நடந்தான். "வலியே இல்லை தாத்தா, அடுத்த மாதம் அணித் தேர்வுக்குப் போகிறேன்" என்றான். 'எக்சோசோம் ஊசி போட்டால் சீக்கிரம் ஒட்டிவிடும்' என்று யாரோ சொல்லிவிட, அக்கா கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கவே கிளம்பிவிட்டார்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன்.

நம் செல்கள் வெளியே அனுப்பும் நுண்பைகள்தான் எக்சோசோம். ஒரு மில்லிமீட்டரை 10,000 பங்காக்கினால் ஏறக்குறைய ஒரு பங்கு அளவு. 1980களில் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோன் செம்மறியாட்டு இரத்தச் செல்களில் இவற்றை ஆராய்ந்தபோது, செல் வெளியே தள்ளும் குப்பை என்றே நினைத்தார்கள். உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ.வும் வைத்து ஒரு செல் மற்றொன்றுக்கு அனுப்பும் தபால் என்பது பிறகுதான் புரிந்தது. எலி, முயல்களில் இவை தசைநாண் எலும்போடு ஒட்ட உதவியதாக ஆய்வுகள் சொல்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் அங்கீகாரம் பெற்ற எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019இல் மக்களை எச்சரித்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பொருத்திய தசைநாண் முதலில் வெறும் கயிறு மாதிரிதான். அதற்குள் இரத்தக்குழாய் ஓடி, புதுச் செல்கள் குடியேறி, மெல்ல மெல்லத்தான் ஜவ்வாக மாறுகிறது. முதல் சில மாதங்களில் அது பொருத்திய நாளைவிடப் பலவீனமாகிவிடும். வலி போயிருக்கும், பலம் வந்திருக்காது. பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். 2016இல் வெளியான நார்வே ஆய்வில், 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அறுவை செய்த மருத்துவரிடமே கூட்டிப் போனோம். "ஊசி வேண்டாம். பயிற்சி செய். 9 மாதம் ஆனதும் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். பையன் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. அணித் தேர்வும் போய்விட்டது. சங்கிலி மட்டும் அக்கா கழுத்திலேயே இருக்கிறது.

நேற்று மாலை வாசல் படியில் ஒற்றைக்காலில் இறங்கி ஏறிப் பழகினான். எண்ணிக்கை சொன்னது நான். "சீக்கிரம், சீக்கிரம்" என்று உங்களையெல்லாம் விரட்டிய அதே வாத்தியார்தான், "மெதுவாடா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். மருத்துவர்களான என் மாணவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள்.