பாக்கெட்டில் இருந்த சீட்டு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. குளோசிங், ஆடிட், பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு என்று ஏதாவது ஒரு சாக்கு. இன்றைக்கு உட்கார வைத்தது ஒரு லாட்டரிச் சீட்டு. பரிசெல்லாம் விழவில்லை, அவசரப்பட்டு வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள் :-)

புதிதாக வருகிறவர்களுக்காக: நான் விருதுநகர்க்காரன். பி.காம். முடித்து வங்கிக்குள் நுழைந்தவன். 2022-ல் மாற்றலாகிக் கொச்சி வந்தேன். கிளை மட்டாஞ்சேரியில். பஜார் ரோட்டில் நுழைந்தாலே சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசனை. எங்கள் ஊர் வத்தல் மண்டி வாசனைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனாலேயே இந்த ஊர் எனக்குச் சீக்கிரம் பிடித்துப்போனது.

கிளைக்கு எதிரே தினமும் ஒரு சேட்டன் சைக்கிளில் பலகை மாட்டிச் சீட்டு விற்பார். ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பார். "சாறே, மூணு மணிக்கா நறுக்கெடுப்பு" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. இருபது வருஷம் கண்ணில் படாத பொருள். முதல் வாரம் வேடிக்கைக்கு ஒன்று வாங்கினேன். பிறகு வாரத்துக்கு மூன்று ஆனது. வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நாற்பது ரூபாய்தானே?

கேரளத்தில் இது ஒளிந்து செய்கிற காரியமே இல்லை. அரசாங்கமே நடத்துகிறது. 1967-ல் இதற்கென்று ஒரு துறையே தொடங்கினார்கள். முதல் சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. இன்றைக்குத் தினம் ஒரு சீட்டு, அதற்கு மேல் வருஷத்துக்கு ஆறு பம்பர். ஒரு வருஷ விற்பனை பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. காருண்யா சீட்டில் வந்த லாபத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் நடந்தது. விற்பவர்களில் உடல் ஊனமுற்றவர்களும் வயதானவர்களும் ஏராளம். இதையெல்லாம் சொல்லித்தான் நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

2024 ஓணம் லீவில் என் மச்சினன் வந்தான். கோயம்புத்தூரில் நல்ல கம்பெனி, நல்ல சம்பளம். பூக்கோலம் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்ததும், "அத்தான், ஒரு பெர்சனல் லோன் வேணும், உங்க பேங்க்ல ஏற்பாடு பண்ண முடியுமா" என்றான். எதற்கு என்றதற்கு முழித்தான். ஸ்டேட்மென்டை எடு என்றேன்.

பதினெட்டு வருஷமாக ஸ்டேட்மென்ட் பார்க்கிறவன் நான். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஐநூறு, ஐநூறு, ஆயிரம், மறுபடி ஐநூறு. எல்லாமே யு.பி.ஐ. போனில் நேரத்தைப் பார்த்தால் ராத்திரி ஒன்று இருபது, ஒன்று நாற்பது, இரண்டு பத்து. சம்பளம் வந்த நாலாம் நாள் கணக்கு காலி.

"எவ்வளவு மாப்ளே?"

"ஆறு லட்சத்து நாப்பதாயிரம் அத்தான். ரம்மிதான். சட்டத்துக்கு விரோதமா ஒண்ணும் பண்ணல."

அவன் சொன்னதும் பொய்யில்லை. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைக் கேரள அரசு 2021 பிப்ரவரியில் தடை செய்தது. அதே வருஷம் செப்டம்பரில் கேரள ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. தமிழ்நாட்டிலும் முதல் தடைச் சட்டம் 2021 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டில் விழுந்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, புதுச் சட்டம் எழுதி, கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வாங்கினார்கள். அந்த நவம்பரில் கோர்ட் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து எடுத்துவிட்டது. இந்தத் திறமை விவகாரத்துக்கு வேர் 1968-ல் இருக்கிறது. சீட்டை நினைவில் வைத்து ஆட வேண்டும், அதனால் ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் அப்போது ஒரு தீர்ப்பில் சொன்னது. கிளப்பில் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய ரம்மி அது. படுக்கையில் போர்வைக்குள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆடுகிற ரம்மி அப்போது பிறக்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பேப்பர் பேனா எடுத்து வகுப்பே நடத்தினேன்.

"ரெண்டு பேர் ஆளுக்கு அம்பது ரூபா வைக்கிறீங்க. கம்பெனி அதுல பத்து ரூபா எடுக்குதுன்னு வச்சுக்கோ. ரெண்டு பேரும் சமமான திறமைசாலி, மாறி மாறி ஜெயிக்கிறீங்க. அப்பவும் ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு அஞ்சு ரூபா போயிருது. இருநூறு ஆட்டம் ஆடினா ஆளுக்கு ஆயிரம் காலி. ஜெயிச்சது யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. இதே யூதத் தெருவில் 1957-லிருந்து மிளகு முன்பேர வியாபாரம் நடந்ததைச் சொன்னேன். அங்கே விலை விழுந்துவிடுமோ என்று பயப்படுகிற வியாபாரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விற்பான், கடைசியில் மிளகு என்று ஒரு பொருளாவது இருக்கும், உன் ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அப்போது என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். துவைக்கப் போட்ட என் சட்டை கையில். பாக்கெட்டிலிருந்து ஒரு திருவோணம் பம்பர், ஐநூறு ரூபாய்ச் சீட்டு, எடுத்து மேஜையில் வைத்தாள். "இதையும் கணக்குல சேத்துக்கோங்க" என்றாள். அவ்வளவுதான்.

சேர்த்தேன். வாரம் மூன்று சீட்டு, நாற்பது ரூபாய் வீதம் வருஷத்துக்கு 6,240. ஆறு பம்பருக்கு இரண்டாயிரம். இரண்டு வருஷத்துக்கு 16,480 ரூபாய். திரும்பி வந்தது நூறு நூறாக ஏழெட்டு முறை. அந்த ஓணம் பம்பருக்கு முதல் பரிசு 25 கோடி. விற்பதோ எழுபது லட்சம் சீட்டுக்கு மேல். அதில் என் சீட்டு ஒன்று. அப்படியே விழுந்தாலும் ஏஜென்ட் கமிஷனும் வருமான வரியும் போகக் கைக்கு வருவது பாதிக்குச் சற்று மேல். பி.காம். படித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

அன்றைக்கு ராத்திரி இன்னொன்றும் வெளியே வந்தது. 2023-லேயே தம்பி அக்காவிடம் அழுதிருக்கிறான். அவள் தன் நாலு வளையலை அடகு வைத்துப் பணம் அனுப்பியிருக்கிறாள். என் வங்கியில் வைத்தால் தெரிந்துவிடும் என்று வேறொரு வங்கியில். தினமும் நகைக்கடன் கொடுக்கிறவன் நான். என் வீட்டு நகை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கவரிங் வளையலைக்கூட ஒரு வருஷமாகக் கவனிக்கவில்லை.

எனக்கு அம்மாவின் தோடு ஞாபகம் வந்தது. அப்பா லாரி ஆபீசில் கிளார்க். தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்டரிக் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு நம்பர் லாட்டரி என்று ஒன்று வந்து, மணிக்கொரு தரம் ரிசல்ட் ஒட்டுவார்கள். சாயங்காலம் சம்பளக் கவரோடு போகிறவர் எட்டு மணிக்கு வெறுங்கையோடு வருவார். தோடு போனது, பித்தளை அண்டா போனது. 2003-ல் தடை வந்ததும் அப்பா ஒரு மாதம் போல என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டையே சுற்றிவிட்டு வருவார். அப்புறம் நின்றுவிட்டது. அம்மா அந்தத் தீபாவளிக்குத்தான் பல வருஷம் கழித்துப் புதுப்புடவை எடுத்தாள். அதனால் தடை ஒன்றுக்கும் உதவாது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே சமயம், கேரள ரிசல்ட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் தமிழ்நாட்டில் திருட்டுத்தனமாகச் சீட்டு ஓடுவதும் எனக்குத் தெரியும். சீட்டு வாங்கவே வாளையார் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி அப்படி வாங்கிய திருப்பூர்ப் பக்கத்து நாலு பேருக்குத்தான் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு எத்தனை பேர் வாளையாருக்கு பஸ் ஏறினார்களோ!

எடிசனில் இருக்கும் என் காலேஜ் நண்பனிடம் இதைப் புலம்பினேன். நியூஜெர்சியில் 2013 நவம்பரிலிருந்து ஆன்லைன் சூதாட்டம் சட்டப்படி நடக்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாநில எல்லைக்குள் இருந்துதான் ஆட முடியும். நீ எங்கே இருக்கிறாய் என்று போனே பார்த்துச் சொல்லிவிடும், பாலம் தாண்டி நியூயார்க் போனால் ஆட்டம் நின்றுவிடும். அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. "என்னைச் சேர்க்காதே" என்று நாமே பெயர் எழுதிக் கொடுக்கலாமாம். ஒரு வருஷம் அல்லது ஐந்து வருஷம். நடுவில் மனசு மாறினாலும் உள்ளே விட மாட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் 2025 பிப்ரவரியில் ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக்கூடாது, ஆதார் சரிபார்க்க வேண்டும் என்று விதி போட்டார்கள். ஜூனில் ஹைகோர்ட்டும் சரி என்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது மச்சினனின் ஒன்று நாற்பதும் இரண்டு பத்தும்தான் கண்முன் வந்தது. இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசே காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் போட்டது. ஆடுகிறவனுக்குத் தண்டனை கிடையாது, நடத்துகிறவனுக்குத்தான். வங்கிகளும் அந்தப் பணத்தைக் கடத்திவிடக் கூடாது. சில நாளில் மச்சினன் போன் செய்தான். "அத்தான், ஆப்பை நிறுத்திட்டாங்க. வாலட்ல இருந்த முந்நூத்தி நாப்பது ரூபா திரும்ப வந்துருச்சு."

ஆறு லட்சத்து நாற்பதாயிரத்தில் வந்தது முந்நூற்று நாற்பது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் அழுதான். அதற்கு முந்தின மாதமும் ஆடியிருக்கிறான், எங்களிடம் மறைத்திருக்கிறான். திட்டவில்லை. யாரைச் சொல்லித் திட்டுவது?

இப்போது ஏற்பாடு இதுதான். சம்பளம் வந்த அன்றே அவன் அக்கா கணக்குக்கு மாற்றிவிடுகிறான். அவள் செலவுக்கு அனுப்புகிறாள், மீதி கடனுக்கு. எல்லாமே சட்டத்துக்குப் பயந்து போய்விடவில்லை. வெளிநாட்டிலிருந்து புதுப்புது ஆப்பின் மெசேஜ் அவன் போனுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. வந்தால் எனக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட நியூஜெர்சி விதி. நாலு வளையலில் இரண்டு மீண்டுவிட்டது.

நான் சீட்டு வாங்குவதை நிறுத்திவிட்டேன். சேட்டனிடம் காரணத்தைச் சொன்னேன். "சாறு எடுக்கண்டா, சாய குடிக்காம்" என்றார். அன்றிலிருந்து காலையில் இரண்டு பேரும் டீ குடிக்கிறோம், காசு ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். 2025 செப்டம்பரில் லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. நாற்பது சதவீதம் ஆனதிலிருந்து வருமானம் இறங்கிவிட்டது என்று அவருக்குக் கவலை. அவர் பிழைப்பும் பிழைப்புதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த அக்டோபரில் ஓணம் பம்பர் முதல் பரிசுச் சீட்டு விற்றது இங்கே நெட்டூரில், கிளையிலிருந்து சில கிலோமீட்டரில். அன்றைக்கு மட்டும் மனசு கொஞ்சம் ஆடியது, மறைக்க மாட்டேன்.

வெளியூரில் பிள்ளைகளை, தம்பிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கேரள லாட்டரி ஆன்லைனில் விற்பதே இல்லை, அப்படி வருகிற மெசேஜ் எல்லாம் மோசடி. ஸ்டேட்மென்டில் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், நேரத்தையும் பாருங்கள். கேட்கும்போது கத்தாமல் கேளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் சட்டைப் பாக்கெட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.