அம்மாவின் தாலாட்டு எங்கே?

"என்னங்க, படப்பெட்டி திறக்கவே மாட்டேங்குது!" என்று நான் போட்ட சத்தத்தில், அவர் ஷேவிங் சோப்போடு ஓடி வந்தார்.

கூடத்து அலமாரியில், ரூட்டருக்குப் பக்கத்தில் எங்கள் ஹார்ட் டிஸ்க் பெட்டி இருக்கிறது. குழந்தையின் முதல் நடை, மறைந்துபோன என் அம்மா பாடிய தாலாட்டு எல்லாம் அதில்தான். வேறு பிரதி கிடையாது (என் அசட்டுத்தனம்!). கம்ப்யூட்டரில் 'இசட்' டிரைவைத் தட்டினால் திறந்துவிடும். விண்டோஸ் 11 ப்ரோவை 24எச்2 பதிப்புக்கு மாற்றினோம். மறுநாளே கதவு சாத்திக்கொண்டது.

பெட்டி கெட்டுவிட்டதோ என்று எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. செல்போனில் பார்த்தால் எல்லாம் பத்திரமாக இருந்தது! அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பெட்டிக்கு நாங்கள் பாஸ்வேர்டே வைக்கவில்லை. 'விருந்தாளி'யாகவே போய் வந்துகொண்டிருந்தோம். 2024-ல் வந்த இந்தப் பதிப்போ, பெட்டியிலிருந்து வரும் தகவலுக்கெல்லாம் கையெழுத்து கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளிக்கு ஏது கையெழுத்து?

"அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துடலாமா?" என்றார் அவர்.

"வேண்டாங்க. பூட்டு இல்லாம இருந்தது நம்ம தப்புதானே?"

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் உண்டாக்கி, ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்தேன். எஸ்.எம்.பி. 3-ஐ இயக்கி, விருந்தாளி நுழைவை மூடினேன். கம்ப்யூட்டரில் பழைய 'இசட்' இணைப்பை நீக்கிவிட்டு, 'மேப் நெட்வொர்க் டிரைவ்' மூலம் புதுப் பெயரோடு இணைத்தேன்.

திறந்துகொண்டது! முதல் வேலையாகத் தாலாட்டை இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து, பீரோவில் வைத்தேன். அப்புறம்தான் அவர் மீதி ஷேவிங்கை முடிக்கப் போனார்.