ஒற்றைக் கோடு

முதுகலை வேதியியல் இரண்டாமாண்டில் எனக்குக் கிடைத்த ஆய்வுப் பொருள் ஃபெரோசீன். ஆரஞ்சு நிறப் படிகம். கற்பூரத்தை நினைவூட்டும் மணம். இரும்பும் கார்பன் வளையங்களும் சேர்ந்த கரிம உலோகச் சேர்மம்.

1951இல் இதை வெளியிட்ட கீலியும் பாசனும், இரும்பணு ஒவ்வொரு வளையத்திலும் ஒரே ஒரு கார்பனைப் பற்றியிருப்பதாக எழுதினார்கள். அப்படியானால் வளையத்தின் ஹைட்ரஜன்கள் ஒன்றுபோல் இரா. அகச்சிவப்பு நிறமாலையில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பல கோடுகள் விழ வேண்டும். விழுந்ததோ ஒன்றே! 1952இல் ஹார்வர்டில் வில்கின்சன், உட்வர்ட் குழுவினர் அந்த ஒற்றைக் கோட்டையும் சான்றாகக் கொண்டு, பத்து ஹைட்ரஜன்களும் சமம் என்றனர். இரண்டு அப்பளங்களுக்கு நடுவே வைத்த மிளகுபோல, இரும்பு இரு வளையங்களின் எல்லாக் கார்பன்களையும் சமமாகப் பற்றியிருக்கிறது. மியூனிக்கில் பிஷரும் இதே அமைப்பைக் கண்டார். வில்கின்சனும் பிஷரும் 1973இல் நோபல் பரிசு பெற்றனர்.

அந்தக் கோட்டை நானும் காண ஆசைப்பட்டேன். 2 மில்லிகிராம் ஃபெரோசீனை 200 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து, அழுத்தி, வில்லையாக்கினேன். வெளியே ஐப்பசி அடைமழை. வில்லை பால்போல் கலங்கிவிட்டது. படத்தில் 3400க்கு அருகே பெரிய மேடு. அதன் சரிவில் என் கோடு மங்கிக் கிடந்தது.

மறுநாள் அறிக்கை தர வேண்டும். "கணினியிலேயே மேட்டைச் சமன்செய்துவிடடா, யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றான் நண்பன். என் விரலும் விசைவரை சென்றுவிட்டது.

பின்னால் பேராசிரியர் நின்றிருந்தார். "தம்பி, அது காற்றின் ஈரம். அழித்தால் படம் அழகாகும். நாளைக்கு ஹைட்ராக்சில் உள்ள சேர்மமே உன் கைக்கு வந்தால், அதன் மேட்டையும் அழித்துவிடுவாயா?"

எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

அன்றிரவு முழுவதும் பொட்டாசியம் புரோமைடை 110 டிகிரியில் உலர்த்தினேன். மறுநாள் மாலை கண்ணாடிபோன்ற வில்லை கிடைத்தது. 3085இல் ஒற்றைக் கோடு. 478இல் இரும்பும் வளையமும் சேர்ந்தாடும் அதிர்வு. பாடநூலில் படித்த பிணைப்பு, என் கையால் அரைத்த தூளிலிருந்து பேசியது!

அறிக்கை ஒரு நாள் தாமதம். இரண்டு மதிப்பெண் குறைந்தது. என் குறிப்பேட்டில் இரு படங்களும் அருகருகே ஒட்டப்பட்டுள்ளன. இனி வரும் தம்பி தங்கையர் கேட்டால், மேடு விழுந்த படத்தைத்தான் முதலில் காட்டுவேன்.