நேற்றைய கையெழுத்தும் இன்றைய கையெழுத்தும்

ஈரல் நோயாளிகளின் வோட்டுக்குத் தொழில் பழக வரும் எங்கள் பிள்ளைகள் முதலில் மொனிற்றரைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பழக்கிய மூத்த தாதி, எமென்ரால் பக்கத்து அம்மா, நோயாளியின் கையைப் பார்க்கச் சொல்லுவார். இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்துப் பிடிக்கவேண்டும். கை தானாக விழுந்து விழுந்து எழும்பினால், ஈரல் முறிக்காமல் விட்ட நஞ்சு மூளைக்கு ஏறுகிறது. குடியை நிறுத்திய முதல் நாட்களில் வரும் நடுக்கம் வேறு. அது மெல்லியது, வேகமானது. இரண்டையும் பிரித்தறியக் கண் பழகவேண்டும்.

வயிறு வீங்குவது எல்லோருக்கும் தெரியும். மூளை மங்குவது அப்படி இல்லை. பகலில் நித்திரை, இரவில் விழிப்பு, காரணமில்லாத கோபம் என்று ஒளித்து ஒளித்து வரும்.

எண்பதுகளில் பேர்ணுக்கு வந்து உணவகச் சமையலறையிலேயே காலம் போக்கிய ஓர் அண்ணை இருந்தார். மூளை மங்குகிறதா என்று அறிய, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்லமுடியும் என்று சோதிப்போம். பத்துக்குக் கீழே போனால் சந்தேகம். ஜெர்மனில் கேட்டபோது நாலு சொன்னார். குழப்பம் என்று எழுதப் போனார்கள். நான் தமிழில் கேட்டேன். மாடு, மறி, உடும்பு, மரநாய் என்று நிமிடம் முடிந்த பிறகும் விடவில்லை மனிசன்.

அன்றிலிருந்து மூத்த தாதி அவரைத் தினமும் காலையில் தமிழில் பெயர் எழுத வைத்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் நேற்றைய தாளுக்குப் பக்கத்தில் இன்றையதை வைத்துப் பார்ப்பார். ஒரு நாள் சுழிகள் குலைந்து, வரி சரிந்து கிடந்தது. எனக்கு முன்னமே அவர் கண்டுபிடித்துவிட்டார். விசாரித்தால், பக்கத்துக் கட்டில்காரருக்கு வெட்கப்பட்டு அண்ணை, மலத்தோடு நஞ்சை வெளியேற்றும் லக்துலோஸ் பாணியைக் குடிக்காமல் விட்டிருக்கிறார். இரண்டு நாளாக மலம் போகவில்லை.

அந்தப் பாணிக்கு அளவு மில்லிலீற்றரில் இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போகவேண்டும், அதுதான் அளவு. ஏழெட்டுத் தரம் போனால் உடம்பு வறண்டு மூளை இன்னும் மங்கும். மலச்சிக்கல் இல்லாமலே மங்கினால் வேறு இடத்தில் தேடுங்கள்: கறுத்த மலமாக வரும் இரத்தக் கசிவு, வயிற்று நீரில் கிருமி. குழாய் போட்டு வயிற்று நீரை இறக்கும்போது அது கலங்கலாக வந்தால் டொக்ரரிடம் உடனே காட்டுங்கள். 5 லீற்றருக்கு மேல் இறக்கினால் லீற்றருக்கு 8 கிராம் கணக்கில் அல்புமின் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் சிறுநீரகம் அடிபடும். அந்தப் போத்தல் தயாரா என்று குழாய் போட முன்னமே பாருங்கள்.

உப்பு நாளுக்கு ஏறக்குறைய 5 கிராமுக்குள் நிற்கவேண்டும். ஊறுகாயையும் கருவாட்டையும் சொன்னால் கேட்பார்கள். சுவிஸ்காரரின் மேசையில் எப்போதும் நிற்கும் அறோமாட் டப்பாவை ஒருவரும் உப்பாகவே நினைப்பதில்லை. புரதத்தைக் குறைப்பது பழைய வழக்கம், இப்போது இல்லை. நலிந்த ஈரலால் சர்க்கரையைச் சேமிக்கமுடியாது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே தின்னும். சாப்பாட்டு வண்டியோ வெள்ளென வந்து போய்விடும். ஆகவே பின்னேரமே ஒரு யோகட்டும் இரண்டு துண்டுப் பாணும் எடுத்து, நோயாளியின் பெயரை ஒட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். படுக்க முன் கொடுக்கும்படி இரவுத் தாதிக்கு வாயாலும் சொல்லுங்கள்.