கடுகளவு நட்சத்திரங்கள்

அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள் கடலைப் பார்க்காமலே சிப்பி பொறுக்கி வளர்ந்தவர்கள். கரைக்குப் போக வேண்டுமானால் கிழக்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கல்லங்குறிச்சி வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியிலோ, மழை பெய்து ஓய்ந்த பிறகு எந்த ஓடைக்கரையிலுமோ குனிந்தால் சிப்பி கிடைக்கும். தடித்த, குழிந்த சிப்பி. சொப்பு விளையாட்டில் சட்டியும் கிண்ணமும் அதுதான். அதற்குக் கிரைஃபியா என்று பெயர் இருப்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

அப்பாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொல்லும்: “ஊழிக்காலத்துல கடல் வந்து போன எடம்டா இது.” ஊழியைத் தவிர மற்றதெல்லாம் சரி.

பெரிய சிப்பியோடு என் ஆசை நின்றிருக்கும். திருச்சியில் புவியமைப்பியல் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா ஒரு விடுமுறையில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கை லென்ஸோடு வந்தார். ஓடையில் உதிர்ந்து கிடந்த வெளிறிய சுண்ணாம்புப் பொடியை அள்ளி, ஊறவைத்து, அலசி, அடுப்படியிலிருந்த சல்லடையில் சலித்தார். “ஏன்டா, மாவு சலிக்கிறதுலயா மண்ணைப் போடுவ?” என்று அப்பாயி சத்தம் போட்டது. சித்தப்பா காதில் வாங்கவில்லை. மிஞ்சியதைச் செய்தித்தாளில் காயவைத்து, லென்ஸை என் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார்.

மணல் என்று நினைத்தது எதுவும் மணல் இல்லை. பயறு போல இரண்டு ஓடு மூடிய ஆஸ்ட்ரகோடுகள். பிரயோசோவா என்ற கடலுயிரின் துளைத் துளையான துண்டுகள். நடு தடித்து விளிம்பு மெலிந்த வட்டத் தகடுகள். அவற்றுக்கு நடுவே, கடுகளவில், முள் நீட்டிய நட்சத்திரங்கள்! சைடரோலைட்டிஸ் என்றார் சித்தப்பா. ஒரே ஒரு செல் கொண்ட உயிர். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்குத்தானே அறை அறையாக ஓடு கட்டிக்கொள்ளும். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த ஆழமில்லாத கடலின் தரையில் இவை வாழ்ந்து மடிந்து, சிப்பிகளோடு சிப்பியாகப் படிந்து இறுகியதுதான் எங்கள் ஊர்ப் பாறை. டைனோசர்கள் ஒழிந்த அதே காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், நட்சத்திரமும் ஒழிந்தது. அதனால்தான் ஒரு பாறையில் இதைக் கண்டவுடன் அதன் வயதைச் சொல்லிவிட முடிகிறது. பெரிய சிப்பி இந்த அளவுக்குக் கறாராகச் சாட்சி சொல்லாது.

அன்று சாயங்காலம் வெளிச்சம் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. தும்மினால் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரக் குச்சி முனையில் ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்துத் தீப்பெட்டியில் சேர்த்தேன்.

இந்த மண்ணின் சிப்பிகளை உலகம் முன்பே அறிந்திருந்தது. கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்துக் கொடுத்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து எழுதினார். பிறகு மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா தடித்தடி நூல்களாக எழுதிக் குவித்தார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது சிமெண்ட் கல். வெடி வைத்துத் தகர்த்து, லாரியில் ஏற்றி, 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்தால் நட்சத்திரம் ஏது, சிப்பி ஏது?

சிமெண்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஊரில் பல வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. ஆனால் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரத்தையும், வாரணவாசி அருங்காட்சியகத்தையும் பார்க்க வருகிறவர்கள், பெரியதைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளின் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்து ஓடைக்கரையில் உட்கார வையுங்கள்.