இரவில் அணியும் லென்ஸ்

கிட்டப்பார்வையுள்ள தம் மகளுக்கு, இரவில் மட்டும் அணியும் காண்டாக்ட் லென்ஸ் வாங்கலாமா என்று நம் பங்கைச் சேர்ந்த தாயொருவர் அண்மையில் நம்மிடம் வினவினார். கண்ணாடி அணிந்த பெண்ணுக்கு வரன் அமையாது என்று உறவினர் கூறியதே அவருடைய கவலை. அக்கவலை பொருளற்றது என்றோம். லென்ஸைப் பற்றி நாம் படித்தறிந்தவற்றையும் எடுத்துரைத்தோம். கோவையில் வாழும் பெற்றோர் பலருக்கும் அவை பயன்படலாம்.

ஆர்த்தோகெரட்டாலஜி எனப்படும் இம்முறையில், உறுதியான சிறு லென்ஸ் ஒன்று, உறங்கும்போது கருவிழிப் படலத்தின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்குகிறது. காலையில் அதைக் கழற்றியபின் பகலெல்லாம் பார்வை தெளிவாயிருக்கும். அணிவதை நிறுத்தினால் கண் பழைய நிலைக்கே திரும்பும். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதனை இரவு முழுதும் அணிய இசைவளித்தது. ஹாங்காங்கில் ஈராண்டுகள் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், கண்ணாடி அணிந்த சிறாரைவிட இதனை அணிந்த சிறாருக்கு விழி நீளும் வேகம் 43 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே நன்மை மெய்யே.

தீங்கும் மெய்யே. மூடிய இமைக்குள் காற்று குறைவு. லென்ஸில் ஒட்டிய கிருமி அங்கே பெருகிக் கருவிழிப் புண்ணை உண்டாக்கலாம். புண் ஆறினும் தழும்பு பார்வையை மறைக்கும். அமெரிக்காவில் 1,317 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில் இருவருக்கு இப்புண் கண்டிருந்தது, இருவருமே சிறார். அதாவது சிறார் 10,000 பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 பேர். கருவிழிப் புண் நமக்குப் புதிதன்று. 1993-இல் மதுரை மாவட்டத்தில் 10,000 மக்களுக்கு 11 பேர் இதற்கு ஆளாயினர் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் வயலில் தாளோ தூசியோ கண்ணில் பட்டுப் புண்ணாவது உழவர் தேடிக்கொண்டதன்று. லென்ஸால் வருவதோ, நலமான கண்ணில் நாமே விரும்பி ஏற்பது.

எனவே அணிவிக்க விழையும் பெற்றோர் சிலவற்றை உறுதியாய்க் கடைப்பிடித்தல் வேண்டும். சிறுவாணி நீர் எத்துணைச் சுவையாயினும் லென்ஸைக் கழுவ ஆகாது. குழாய் நீரில் அகந்தமீபா என்னும் கொடிய நுண்ணுயிர் இருக்கலாம். மருத்துவர் குறித்த திரவமே தக்கது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே லென்ஸைத் தொடவேண்டும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ, உடனே லென்ஸைக் கழற்றி அன்றே கண் மருத்துவரை அணுகவேண்டும். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டுக் காலம் தாழ்த்தலாகாது.

இத்தனையையும் ஒருநாள் தவறாமல் ஆண்டுக்கணக்கில் செய்யவல்ல இல்லத்திற்கு இந்த லென்ஸ் ஏற்றதாகலாம். இயலாதெனின் கண்ணாடியே சாலச் சிறந்தது. அதனை அணிவதில் இழிவேதுமில்லை.